கார்டு கடனா, ஓய்வுக்காலச் சேமிப்பா: எதற்கு முதல் பணம்?

மதுரையில் மூன்று வட்டிக்குக் கடன் வாங்கப் போகிறேன் என்று வீட்டில் சொன்னால் பெரியவர்கள் விடமாட்டார்கள். ஆனால் பல கிரெடிட் கார்டுகளில் பாக்கிக்குப் போடும் வட்டி மாதம் மூன்றரை. அந்த வட்டிக்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. இதை ஓடவிட்டுக்கொண்டே, வயதான காலத்துக்கு என்று பிபிஎஃப் (அரசின் நீண்டகாலச் சேமிப்புத் திட்டம், சம்பளத்தில் பிடிக்கும் பிஎஃப் வேறு) கட்டுகிறவர்கள் நிறையப் பேர். இது சரியா என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

கப்பலூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்ப்பவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வயது 38. கார்டு பாக்கி 1,20,000 ரூபாய். மாதம் 10,000 ரூபாய் ஒதுக்க முடியும். சம்பளத்தில் பிஎஃப் பிடிக்கிறார்கள். வீட்டில் கொஞ்சம் நகை இருக்கிறது.

முதல் வழி, குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிவிட்டு மீதியைச் சேமிப்பது. ஸ்டேட்மென்டில் மொத்த பாக்கிக்குப் பக்கத்திலேயே அந்தச் சின்னத் தொகையும் இருக்கும். பெரும்பாலும் 5 சதவீதம். இவருக்கு 6,000 ரூபாய். அதில் வட்டி 4,200, ஜிஎஸ்டி 756. அசலில் கழிவது வெறும் 1,044 ரூபாய். மீதி 4,000 ரூபாய் பிபிஎஃபுக்குப் போகிறது, அங்கே கிடைப்பது ஆண்டுக்கு 7.1 சதவீதம். இன்னொன்றையும் பலர் கவனிப்பதில்லை: பாக்கி வைத்துவிட்டால் புதிதாக வாங்குவதற்கு வட்டியில்லாத நாட்கள் கிடையாது. இன்று போடும் பெட்ரோலுக்கு இன்றிலிருந்தே வட்டி. இந்த வழியை நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

10,000 ரூபாயையும் கார்டுக்கே கட்டினால்? சுமார் 17 மாதத்தில் முடியும். வட்டியும் வரியுமாக ஏறக்குறைய 49,000 ரூபாய் போகும்.

மூன்றாவது, நகைக்கடன். அரசு வங்கியில் ஆண்டுக்கு 9 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் மாதம் முக்கால் வட்டிதான். கார்டை ஒரே நாளில் அடைத்துவிட்டு, அதே 10,000 ரூபாயை நகைக்கடனுக்குக் கட்டினால் 12 மாதத்தில் பாக்கி ஆறாயிரம் சொச்சம். 13ஆம் மாதம் நகை வீட்டுக்கு வந்துவிடும். வட்டி மொத்தமே 6,500 ரூபாய்க்குள். கார்டுக்கே கட்டுவதோடு ஒப்பிட்டால் நாற்பதாயிரத்துக்கு மேல் மிச்சம்.

ஆனால் இதில் இரண்டு இடத்தில் வழுக்கும். வருடக் கடைசியில் மொத்தமாகக் கட்டிக்கொள்ளலாம் என்று விட்டால், வட்டியை மட்டும் கட்டித் திருப்பித் திருப்பி வைக்கும் பழக்கம் வந்துவிடும். கடைசியில் பேப்பரில் ஏல அறிவிப்பு வரும். அதனால் மாதாமாதம் அசலோடு கட்ட வங்கி சம்மதிக்கிறதா என்று அடகு வைக்கும் முன்பே கேட்டுவிடுங்கள். அப்புறம், காலியான கார்டைத் திரும்பத் தேய்த்தால் இரண்டு கடன். நகை மனைவியுடையது என்றால் அவரிடம் முழுக் கணக்கையும் காட்டி, அவர் மனதாரச் சரி என்ற பிறகே வங்கிக்குப் போக வேண்டும்.

நகை இல்லாதவர்களுக்கு, கார்டு பாக்கியையே இஎம்ஐ ஆக மாற்றுவது அடுத்த வழி. ஒன்றேகால், ஒன்றரை வட்டிக்குக் கிடைத்தால் மூன்றரைக்கு எவ்வளவோ மேல். செயலாக்கக் கட்டணத்தையும் சேர்த்துப் பாருங்கள்.

பிஎஃபில் எடுத்து அடைக்கலாமே என்பார்கள். வட்டி வித்தியாசத்தை மட்டும் பார்த்தால் அதுவும் லாபம்தான். ஆனால் 2024-25க்கு அறிவித்த 8.25 சதவீதமே நீடித்தாலும், இன்று எடுக்காமல் விட்ட ஒரு லட்சம் இவருடைய 58 வயதில் 4.8 லட்சத்தைத் தாண்டியிருக்கும். எடுத்ததைத் திரும்பப் போடுகிறவர்கள் குறைவு. மற்ற எல்லாக் கதவும் அடைத்த பிறகுதான் அந்தப் பக்கம் போக வேண்டும்.

ஆக, என் வரிசை: நகைக்கடனால் கார்டை அடைப்பது, பிஎஃபைத் தொடாமல் விடுவது, ஓய்வுக்காலத்துக்கான தனிச் சேமிப்பை 14ஆம் மாதம் தொடங்குவது. முதல் இரண்டு மூன்று மாதப் பணத்தை ஆஸ்பத்திரிச் செலவு, பள்ளிக்கூடக் கட்டணம் என்று தனியே வையுங்கள். அது இல்லாவிட்டால் கை மறுபடி கார்டுக்குத்தான் போகும். பிறகு மாதம் 10,000 ரூபாய் பிபிஎஃபில் 15 வருடம் போட்டால், இன்றைய வட்டிக்கு 31 லட்சத்துக்கு மேல் சேரும். பணத்தை 5ஆம் தேதிக்குள் கட்டிவிடுங்கள், தாண்டினால் அந்த மாதத் தவணைக்கு அந்த மாத வட்டி கிடையாது.