டவர் எட்டாத ஊருக்கு ஸ்டார்லிங்க்: வாங்கலாமா, எப்படிப் பொருத்தலாம்?

வீட்டுக் கூரையில் ஏறி நின்று போனைப் பிடித்தால் 4ஜி இரண்டு கோடாவது காட்டுகிறதா? அப்படியென்றால் செயற்கைக்கோள் வழியாக இன்டர்நெட் தரும் ஸ்டார்லிங்க் வேண்டாம். நல்ல வெளி அன்டெனா ஒன்றும் சிம் போடுகிற ரவுட்டர் ஒன்றும் வாங்கினால் பாதி விலைகூட வராது. ஃபைபர் வந்துவிட்ட ஊருக்கும் இது தேவையில்லை. முல்லைத்தீவுக் காட்டோரக் குடியேற்றங்கள், மலையகத்தில் பள்ளத்தாக்குக்குள் ஒடுங்கிக் கிடக்கும் தோட்ட டிவிஷன்கள், கடலுக்கு அப்பாலுள்ள தீவுகள் என்று டவர் உண்மையிலேயே எட்டாத இடங்களுக்குத்தான் இந்த மதிப்பீடு.

இலங்கையில் ஸ்டார்லிங்குக்கு 2024 ஆகஸ்டில் அனுமதிப்பத்திரம் கிடைத்தது, 2025 ஜூலை 2ஆம் திகதி சேவை தொடங்கியது. தொடக்கத்தில் அறிவித்த விலைகள்: டிஷ், ரவுட்டர், வயர் எல்லாம் சேர்ந்த பெட்டி 118,000 ரூபாய். மாதக் கட்டணம் ரெசிடென்ஷியல் லைட் 12,000, ரெசிடென்ஷியல் 15,000. லைட்டில் போட்டால் முதல் வருடத்துக்கு மட்டும் 262,000 ரூபாய். கம்பம், பெட்டரி, எர்த் வேலை எல்லாம் இதற்கு வெளியே. ஓடர் கொடுக்கும் நாளில் தளத்தில் இருக்கும் விலையைப் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு திட்டத்திலும் டேட்டா அளவுக்கு வரம்பு கிடையாது. லைட் எடுத்தவரின் இணைப்பு நெரிசல் நேரத்தில் பின்வரிசைக்குத் தள்ளப்படும், அவ்வளவுதான். கிராமத்து வீடொன்றில் பிள்ளைகளின் ஒன்லைன் வகுப்பு, யூடியூப், வெளிநாட்டு உறவுகளோடு வீடியோ கோல் என்பதுதான் பாவனை என்றால் லைட்டில் தொடங்கலாம். போதாவிட்டால் ஆப்பிலேயே திட்டத்தை மாற்றிக்கொள்ளலாம்.

யூடியூபில் கனடாக்காரரும் இங்கிலாந்துக்காரரும் போடும் ரிவியூவைப் பார்த்து முடிவெடுப்பதுதான் பலர் விடும் பிழை. அவர்களுடைய வானம் வேறு, நம்முடையது வேறு. ஸ்டார்லிங்கின் செயற்கைக்கோள்களில் பல ஏறக்குறைய 480 முதல் 550 கிலோமீற்றர் உயரத்தில், நிலநடுக்கோட்டுக்கு 53 பாகை சாய்ந்த பாதையில் சுற்றுகின்றன. இப்படிச் சுற்றும்போது அவை 50 பாகை அகலக்கோட்டை அண்டிய நாடுகளுக்கு மேல் நெருங்கிக் கூடும். 6 முதல் 10 பாகைக்குள் இருக்கும் இலங்கைக்கு மேல் ஐதாகவே கடக்கும். இன்னொன்றும் உண்டு. டிவி ஒளிபரப்புச் செயற்கைக்கோள்கள் நிற்கும் 35,786 கிலோமீற்றர் வளையம் நமக்கு உச்சிக்குச் சற்றுத் தெற்கே, கிட்டத்தட்டத் தலைக்கு மேலேயே போகிறது. அவற்றுக்கு இடைஞ்சல் தரக்கூடாது என்பது சர்வதேச விதி. அதனால் அந்த வளையத்தை ஒட்டிய வான்பட்டையில் வரும் தன் செயற்கைக்கோளோடு ஸ்டார்லிங்க் டிஷ் பேசாது. ஆகவே நடு முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்த்து, "மேலே வெளியாகத்தானே இருக்கு" என்று டிஷ்ஷை வைத்தால் வேலைக்காகாது. உச்சியைவிடச் சரிவான வானம்தான் இங்கே முக்கியம். வடக்கே ஒரு தென்னந்தோப்பு இருந்தால் நமக்கு ஆகும் நட்டம் பெரிது.

டிஷ்ஷில் மோட்டர் இல்லை. அசையாமல் நின்றபடி, கதிரை மட்டும் மின்னணு முறையில் திருப்பும். எந்தச் செயற்கைக்கோளோடு பேசுவது என்பது 15 வினாடிக்கு ஒருமுறை மாறும். மாறிய செயற்கைக்கோள் பனை வட்டுக்குப் பின்னால் போய்விட்டால் சில வினாடிகள் இணைப்பு அறும். இந்த அறுப்பு ஒரு நாளின் நேரத்தில் 1 விழுக்காடு என்று வையுங்கள். கேட்கச் சின்னதுதான், ஆனால் கூட்டினால் 864 வினாடி, அதாவது பதினான்கு நிமிடத்துக்கு மேல். யூடியூப் முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்வதால் அதில் ஒன்றும் தெரியாது. வாட்ஸ்அப் கோலில் முகம் உறையும், சூம் வகுப்பில் ஆசிரியரின் வாக்கியம் பாதியில் விழுங்கப்படும். "ஸ்பீட் டெஸ்டில் 100 காட்டுது, கோல் மட்டும் வெட்டுது" என்று வரும் முறைப்பாடுகளில் கணிசமானவற்றுக்குக் காரணம் மரம்.

பணம் கட்டுமுன் செய்ய வேண்டிய வேலை இதுதான். ஸ்டார்லிங்க் ஆப்பை இறக்குங்கள், கணக்கு தேவையில்லை. தடை பார்க்கும் பகுதியைத் திறந்து, டிஷ் நிற்கப்போகும் அதே உயரத்தில் போனைப் பிடித்து வானத்தை மெல்லச் சுற்றி எடுங்கள். தரையில் நின்று எடுத்த படத்தை வைத்துக் கூரைக்கு முடிவு சொல்ல முடியாது. ஏணி வைத்து ஏற வேண்டும். முகட்டில் ஒன்று, சமையலறைக் கூரையில் ஒன்று, கிணற்றடியில் ஒன்று என்று நாலைந்து இடத்தில் எடுத்து ஒப்பிடுங்கள். டிஷ் வந்து பொருத்திய பிறகு அது தானாகவே தடை வரைபடம் ஒன்றை வரையும். அது நிரம்ப அரை நாளாவது ஆகும், முதல் ஒரு மணி நேரத்தில் தெரிவதை நம்ப வேண்டாம். வரைபடத்தில் எந்தத் திசை சிவப்பாக இருக்கிறதோ அந்தத் திசையில் எந்தக் கிளை என்று வெளியே போய்ப் பார்த்தால் பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம். ஒரு கிளை வெட்டினால் தீர்கிற பிரச்சினைக்காக 20 அடிக் கம்பம் நட்டவர்கள் இருக்கிறார்கள். மலையகத்தில் வீட்டைச் சுற்றி நிற்கும் டர்பன்டைன் மரங்கள் தோட்ட நிர்வாகத்துடையவை, நினைத்தபடி வெட்ட முடியாது. அங்கே டிஷ்ஷை வீட்டிலிருந்து தள்ளி வெளியான மேட்டில் வைப்பதைத் தவிர வேறு வழியில்லை. பெட்டியில் வரும் வயர் 15 மீற்றர். அதற்கு மேல் போக வேண்டுமென்றால் ஸ்டார்லிங்கின் நீள வயரை வாங்குங்கள். இரண்டு வயரை வெளியில் முறுக்கி டேப் சுற்றினால் முதல் மழை வரைக்கும்தான் தாங்கும்.

பொருத்தும் வேலை கடினமானதல்ல, ஆனால் அவசரத்தில் செய்தால் பிறகு கூரையில் திரும்பத் திரும்ப ஏற வேண்டும். பெட்டியில் வருவது நிலத்தில் வைக்கும் கால் மட்டுமே. குழாயில் பொருத்தும் துண்டைத் தனியாக வாங்க வேண்டும். டிஷ் 594 க்கு 383 மில்லிமீற்றர் பலகை, எடை 3 கிலோவுக்கு உள்ளேதான், ஆனால் காற்று பிடிக்கும் பரப்பு அது. சோளகக் காற்று அடிக்கும் மாதங்களில் மெல்லிய குழாய் ஆடும், டிஷ்ஷின் திசை கொஞ்சம் கொஞ்சமாக விலகும். தடித்த ஜீ.ஐ. குழாயைச் சுவரில் இரண்டு இடத்தில் இறுக்கிப் பிடிக்க வேண்டும், அல்லது அடியில் கொங்கிரீட் போட வேண்டும். அஸ்பெஸ்டஸ் தகட்டில் துளை போட்டுக் கால் பதிக்காதீர்கள், தகடு வெடிக்கும். வன்னி வெயிலில் கொதிக்கும் தகரக் கூரையோடு ஒட்டியும் வைக்காதீர்கள். டிஷ் 50 பாகை செல்சியஸ் வரைக்கும்தான் தாங்கும், அதற்கு மேல் போனால் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும். தகரத்துக்கு மேலே ஒன்றரை அடியாவது காற்றோட்டம் விட்டால் மத்தியான நேரத்து நிறுத்தம் வராது. தீவுப்பகுதியில் சாதாரண ஆணி, போல்ட் எல்லாம் ஒரு மழைக்காலத்தில் துருவேறிவிடும், துருப்பிடிக்காத எஃகுதான் வேண்டும்.

வயரின் முனையைக் கொஞ்சம் கிட்ட நின்று பாருங்கள். டிஷ் பக்கத்து முனையில் ஒரு ரப்பர் கழுத்து இருக்கிறது. கிளிக் என்ற சத்தம் வந்ததும் பலர் விட்டுவிடுகிறார்கள். அந்தக் கழுத்து டிஷ்ஷின் உடம்போடு இடைவெளி இல்லாமல் சமமாக உட்கார வேண்டும். நகக்கண் நுழையும் அளவு வெளியே நின்றாலும் ஈரம் இறங்கி, செப்புப் பின்கள் பச்சை பூத்துப்போகும். முதலில் வேகம் குறையும், பிறகு டிஷ் அடிக்கடி தானாக நின்று எழும், கடைசியில் எழவே எழாது. வயர் சுவர்த் துளைக்குள் நுழையுமுன் கீழே ஒரு வளைவு தொங்கவிட்டு மேலே ஏற்றுங்கள். மழைநீர் அந்த வளைவில் சொட்டிவிடும், வீட்டுக்குள் வராது. குரங்குத் தொல்லை உள்ள ஊரில் வயர் முழுவதையும் பி.வி.சி. குழாய்க்குள் விட வேண்டும். அணிலும் எலியும் கடிக்கும்.

முதன்முறை மின்சாரம் கொடுத்ததும் டிஷ் மென்பொருளைப் புதுப்பிக்கத் தொடங்கும், இடையில் ஒன்றிரண்டு முறை அணைந்து எழும். அரை மணி நேரம் கையை வைக்காமல் இருங்கள். பிறகு ஆப் காட்டும் அளவுக்கு டிஷ்ஷைக் கையால் திருப்பிச் சாய்த்து இறுக்குங்கள். அமைப்புகளுக்குள் போய்ப் பனி உருக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். நுவரெலியாவில் ஜனவரியில் புல்லில் படியும் உறைபனிக்கும் அது தேவைப்படாது, மின்சாரம்தான் வீண்.

மின்சாரம்தான் இந்தச் சேவையின் மறைவான மாதக் கட்டணம். வழமையான டிஷ் 75 முதல் 100 வாட் இழுக்கும். நாள் முழுக்க விட்டால் மாதம் 54 முதல் 72 யூனிட். மின்விளக்கும் மின்விசிறியும் மட்டும் உள்ள வீட்டுக்கு இது பில்லையே மேல் அடுக்குக்குத் தள்ளக்கூடிய அளவு. ஆப்பில் தூங்கும் நேரம் வைக்கலாம். இரவு 11 முதல் காலை 5 வரை வைத்தால் காற்பங்கு மிச்சம்.

மின்வெட்டுக்குத் தாங்க வேண்டுமென்றால் கணக்கு இப்படி. 12 வோல்ட் 100 ஆம்பியர்-மணி ஈயப் பெட்டரியில் பாதியைத்தான் எடுக்கலாம், அது 600 வாட்-மணி. இன்வேர்ட்டர் 15 விழுக்காடு தின்றால் 510 மிச்சம். 90 வாட்டுக்கு ஐந்தரை மணி நேரம் ஓடும். அதே அளவு லித்தியம் இரும்பு பொஸ்பேட் பெட்டரி ஏறக்குறைய பத்து மணி நேரம் தாங்கும். இன்வேர்ட்டர் சுத்த சைன் அலை வகையாக இருக்கட்டும். மலிவான சதுர அலை வகை, டிஷ்ஷின் மின்வழங்கியைச் சூடாக்கி ஆயுளைக் குறைக்கும். தேவைக்கு மிஞ்சிய பெரிய இன்வேர்ட்டரும் நல்லதல்ல, சும்மா கிடக்கும்போதே 10, 20 வாட் குடிப்பவை உண்டு.

மின்கம்பியே வராத வீட்டுக்கு ஸ்டார்லிங்க் மினி பொருத்தமான கருவி. 25 முதல் 40 வாட்தான் இழுக்கும், ரவுட்டரும் உள்ளேயே இருக்கிறது, 12 முதல் 48 வோல்ட் நேர்மின்னோட்டத்தில் ஓடும். ஆனால் இங்கே ஒரு சிக்கல். பெட்டரியிலிருந்து 15 மீற்றருக்கு 0.75 சதுர மில்லிமீற்றர் மெல்லிய வயரை இழுத்தால் போகவர 30 மீற்றர், தடை 0.7 ஓம். மினி தொடங்கும்போது 5 ஆம்பியர் இழுத்தால் வயரிலேயே மூன்றரை வோல்ட் கரையும். 12 வோல்ட் எட்டரையாகப் போய்ச் சேரும், மினி எழுந்து எழுந்து விழும். கருவி பழுது என்று நினைத்துத் திருப்பி அனுப்பத் தோன்றும். பெட்டரிப் பக்கத்தில் 24 வோல்ட்டாக ஏற்றும் கொன்வேர்ட்டர் ஒன்று வைத்தாலோ, 4 சதுர மில்லிமீற்றர் வயர் போட்டாலோ சரியாகிவிடும். நாள் முழுக்க ஓட்ட 250 வாட் சோலர் பலகை வேண்டும். வழமையான டிஷ்ஷுக்கு 800 வாட் இல்லாமல் தாங்காது.

மழையைப் பற்றிப் பயப்படுகிற அளவுக்கு ஒன்றுமில்லை. சாதாரண மழையில் ஓடும். கொட்டோ கொட்டென்று கொட்டும் கருமேகத்தில் சில நிமிடம் நிற்கும், மேகம் நகர்ந்ததும் வரும். இடி அப்படியல்ல. ஏப்ரலிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் பின்னேரத்து இடி தொடங்குமுன் ரவுட்டரின் பிளக்கைக் கழற்றுங்கள், டிஷ்ஷிலிருந்து வரும் வயரையும் ரவுட்டரிலிருந்து பிடுங்கி வையுங்கள். பிளக்கை மட்டும் கழற்றினால் அரைப் பாதுகாப்புத்தான். உலோகக் கம்பம் நட்டால் அதற்கு எர்த் கம்பி கட்டாயம்.

ஓடும்போது எப்படி ஓடுகிறது? தடையில்லாத வானத்தில் தரவிறக்கம் வினாடிக்கு 100 மெகாபிட்டைத் தொடும், தாண்டும். பதிவேற்றம் ஏறக்குறைய அதில் பத்தில் ஒன்று. இரவு எட்டு மணிக்கு மேல் குறையும். வீசாட் எனப்படும் பழைய வகைச் செயற்கைக்கோள் இணைப்பில் ஒரு சொல் போய்த் திரும்ப 600 மில்லிவினாடிக்கு மேல் எடுக்கும், பேச்சு ஒன்றோடொன்று மோதும். இதில் அந்தத் தொல்லை இல்லை, கோலில் பேசுபவருக்குச் செயற்கைக்கோள் என்றே தெரியாது.

சீசீடிவி வைத்திருப்பவர்களும் சொந்தமாக சேர்வர் ஓட்டுபவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வீட்டுத் திட்டங்களில் உங்களுக்கென்று தனிப் பொது ஐபி முகவரி வராது, பலர் ஒரே முகவரியைப் பகிர்கிறார்கள். போர்ட் திறந்து வெளியிலிருந்து கமராவைப் பார்க்கும் பழைய முறை வேலை செய்யாது. கமரா நிறுவனத்தின் கிளவுட் வழியாகவோ டெயில்ஸ்கேல் போன்ற வி.பி.என். ஆப் ஒன்றின் வழியாகவோ பார்க்கலாம். தோட்டத்து லயன் வரிசை வீடுகளில் ஆறேழு குடும்பம் சேர்ந்து ஒரு டிஷ் வாங்கும் யோசனை அடிக்கடி எழுகிறது. வேகம் தாராளமாகப் போதும். ஆனால் வீட்டுத் திட்டத்தைக் காசுக்குப் பிரித்து விற்பதை ஸ்டார்லிங்கின் நிபந்தனை அனுமதிக்காது.

பழுதானால் ஆப்பிலேயே டிக்கெட் (முறைப்பாடு) போட வேண்டும். வயரின் இரு முனையையும் டிஷ்ஷின் பின்பக்கத்து இலக்கத்தையும் தெளிவாகப் படமெடுத்து முதல் செய்தியிலேயே சேர்த்தால் இரண்டு மூன்று சுற்றுக் கேள்வி மிச்சம். டிஷ் படுத்துக் கிடக்கும்போது அந்த டிக்கெட்டைப் போடவும் இன்டர்நெட் வேண்டும். பழைய டொங்கிளையும் சிம்மையும் தூக்கி எறியாதீர்கள், ஊரில் எந்த மேட்டில் ஏறினால் சிக்னல் வரும் என்பதையும் மறந்துவிடாதீர்கள்.