போல்ட் சீலா, ஜிபிஎஸ் பூட்டா? நார் ஏற்றுகிறவர்களுக்கு ஓர் ஒப்பீடு

தேங்காய் நாரை யாரும் திருடமாட்டார்கள். நாற்பதடிக் கொள்கலன் நிறைய அழுத்திக் கட்டிய நார்ச் சிப்பங்களை இறக்கிக்கொண்டு போய் எங்கே விற்பது? அதனால் கதவுக்கு என்ன பூட்டு போட்டாலும் சரிதான் என்று நார் ஆலைக்காரர்கள் பலர் நினைக்கிறார்கள். மாமாவின் ஆலையில் ஏற்றுமதி வேலையை நான் பார்க்க ஆரம்பித்தபோது இந்தப் பேச்சைத்தான் அதிகம் கேட்டேன். ஆனால் நார் மாதிரி மலிவான, இடத்தை அடைக்கிற சரக்குக்கு ஆபத்து வேறு பக்கத்திலிருந்து வருகிறது. உள்ளே இருப்பதை எடுக்க வருகிறவனைவிட, உள்ளே எதையாவது வைக்க வருகிறவனுக்குத்தான் நாம் பயப்பட வேண்டும்.

தென் அமெரிக்கத் துறைமுகங்களிலிருந்து ரோட்டர்டாம், ஆண்ட்வெர்ப் போகும் கொள்கலன்களில் போதைப்பொருள் கும்பல்கள் பல வருடங்களாகச் செய்துவரும் வேலை இது. கதவில் மாட்டியிருக்கும் எண் போட்ட முத்திரைப் பூட்டை, அதாவது சீலை, வெட்டிக் கதவைத் திறப்பார்கள். கதவோரமாகப் பைகளை வைப்பார்கள். அதே எண் போட்ட போலி சீலை மாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். இறங்கும் துறைமுகத்தில் அவர்களுடைய ஆள் முதலில் வந்து பைகளை எடுத்துக்கொள்வான். சரக்கின் சொந்தக்காரருக்குக் கடைசிவரை எதுவும் தெரியாது. ஆனால் அந்த ஆள் வருவதற்கு முன் சுங்க அதிகாரிகள் திறந்துவிட்டால், ஆவணத்தில் ஏற்றுமதியாளர் என்று இருப்பது நம் பெயர். 1952ஆம் ஆண்டு அபாயகர போதைப்பொருள் சட்டம் எவ்வளவு கடுமையானது என்று மலேசியாவில் வளர்ந்த யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

எங்கள் ஆலை இருக்கும் ஊத்தான் மெலிந்தாங், பேராக்கில் செம்பனையும் தென்னையும் சூழ்ந்த சின்ன ஊர். இங்கிருந்து கிள்ளான் துறைமுகத்துக்கு லோரி சபாக் பெர்ணம், செக்கிஞ்சான், தஞ்சோங் காராங், கோல சிலாங்கூர், காப்பார் என்று கடலோரச் சாலையில் இறங்கிப் போகிறது. நான் கவலைப்படுவது இந்தச் சாலையைப் பற்றித்தான்.

கடலைக் காக்க ஆள் இருக்கிறது. 2005 ஜூனில் லண்டன் காப்புறுதிச் சந்தையின் குழு ஒன்று மலாக்கா நீரிணையைப் போர் ஆபத்துள்ள பகுதிகளின் பட்டியலில் சேர்த்தது. கடற்கொள்ளை அந்த அளவுக்குப் போயிருந்தது. மலேசியா, இந்தோனேசியா, சிங்கப்பூர் மூன்றும் 2004 ஜூலையில் தொடங்கிய ஒருங்கிணைந்த ரோந்து, 2005 செப்டம்பரில் வந்த விமானக் கண்காணிப்பு, அதே வருடக் கடைசியில் பணியில் இறங்கிய நம் கடல்சார் அமலாக்க நிறுவனம் எல்லாம் சேர்ந்து நிலைமையை மாற்றின. 2006 ஆகஸ்டில் நீரிணையின் பெயர் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டது. இன்றும் சிங்கப்பூர் நீரிணையில் இரவில் கப்பலேறி இயந்திர உதிரிப்பாகங்களைத் திருடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் உயர அடுக்கிய கொள்கலனை ஓடும் கப்பலில் திறப்பது அவர்கள் வேலை இல்லை.

துறைமுகத்துக்கும் காவல் உண்டு. 2004 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள ஐஎஸ்பிஎஸ் என்ற சர்வதேசக் கப்பல், துறைமுகப் பாதுகாப்பு விதிகள்படி வேலி, கேமரா, நுழைவு அனுமதி, பாதுகாப்பு அதிகாரி, மூன்று எச்சரிக்கை நிலைகள் எல்லாம் கட்டாயம். ஆனால் அந்த விதிகள் கப்பலுக்கும், கப்பல் வந்து சேரும் துறைமுக வளாகத்துக்கும்தான். ஆலை வாசலிலிருந்து துறைமுக வாசல் வரை உள்ள சாலை அவற்றுக்குள் வராது. அந்தத் தூரத்துக்கு நம் கையில் இருப்பது கதவில் மாட்டும் பொருள் மட்டும்தான்.

அதில் நம்மைப் போன்ற சிறு ஏற்றுமதியாளருக்கு மூன்று வழி இருக்கிறது: எஃகு ஆணியாலான போல்ட் சீல், எஃகுக் கம்பிவடத்தாலான கேபிள் சீல், தான் இருக்கும் இடத்தைக் கைப்பேசிக்குச் சொல்லும் ஜிபிஎஸ் பூட்டு. நாங்கள் போல்ட் சீலோடு ஒரு கேபிள் சீலையும் சேர்த்துப் போடுகிறோம். ஜிபிஎஸ் பூட்டைச் சில மாதம் வாடகைக்கு எடுத்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டோம்.

விலையைச் சீக்கிரம் முடித்துவிடலாம். போல்ட் சீல் சில வெள்ளிதான். பெரும்பாலும் காலிக் கொள்கலனை எடுக்கும்போதே கப்பல் நிறுவனத்தின் சீல் கைக்கு வந்துவிடும். கேபிள் சீலும் பெரிய செலவில்லை. ஜிபிஎஸ் பூட்டுக்கு வாடகை, சிம் கட்டணம், கண்காணிப்புக் கட்டணம் என்று தனித்தனியாக வரும். ஆனால் நாங்கள் முடிவெடுத்தது விலையை வைத்து இல்லை.

போல்ட் சீல் இரண்டு துண்டு: தடித்த எஃகு ஆணி ஒன்று, அது போய் மாட்டிக்கொள்ளும் தலை ஒன்று. தலைக்குள் இருக்கும் வளையம் ஆணியின் பள்ளத்தில் விழுந்து 'க்ளிக்' என்று பிடித்துக்கொண்டால், வெட்டாமல் கழற்ற முடியாது. கொள்கலன் சீல்களுக்கான ஐஎஸ்ஓ 17712 என்ற சர்வதேசத் தரத்தில் உயர் பாதுகாப்பு வகைக்கு 'எச்' என்ற எழுத்து சீலின் மேலேயே பதிந்திருக்கும். அந்த வகை 10 கிலோநியூட்டன் இழுப்பைத் தாங்க வேண்டும், அதாவது சுமார் ஒரு டன் எடையை. போல்ட் கட்டர் வைத்திருப்பவனுக்கு இதெல்லாம் பெரிய தடை இல்லை. அந்த எழுத்து தரும் உறுதி வேறு: திறந்தவன் அதே சீலைத் திரும்ப மாட்ட முடியாது. எங்கள் கவலையும் அதுதான். கதவு உடையக்கூடாது என்பதைவிட, உடைந்திருந்தால் எனக்குத் தெரிய வேண்டும்.

போல்ட் சீலுக்கு ஒரு பெரிய ஓட்டை உண்டு. சீலைத் தொடாமலே கதவைத் திறக்கலாம். கைப்பிடியைக் கதவை மூடிப் பிடிக்கும் நெடுங்கம்பியோடு பிணைத்திருக்கும் ரிவெட்டைத் துளைத்து எடுத்தால், சீல் மாட்டிய கைப்பிடி அப்படியே தனியாகக் கழன்று வந்துவிடும். வேலை முடிந்ததும் புது ரிவெட் அடித்து, மேலே சாயம் பூசிவிடுவார்கள். எண் சரியாக இருக்கும், சீல் முழுசாக இருக்கும், உள்ளே சரக்கு மட்டும் மாறியிருக்கும். கேபிள் சீலை நாங்கள் சேர்த்ததற்கு இதுதான் காரணம். இரண்டு கதவுகளின் நடுக் கம்பிகளையும் சேர்த்து இறுக்கிக் கட்டிவிட்டால் கைப்பிடியைக் கழற்றியும் பயனில்லை. நல்ல கேபிளை வெட்டினால் நுனி இழை இழையாகப் பிரிந்துவிடும், திரும்பச் சேர்க்க வராது. கேபிளை மட்டும் போட்டால் போதாதா என்று மாமா கேட்டார். போதாது. கப்பல் நிறுவனம் கேட்பது போல்ட் சீல். அந்த நிறுவனம் தரும் சரக்குச் சீட்டில் எழுதுவதும் அதன் எண்தான்.

ஜிபிஎஸ் பூட்டின் நல்லதையும் சொல்லிவிடுகிறேன். லோரி எங்கே நிற்கிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது, கதவு எப்போது திறந்தது என்று கைப்பேசியிலேயே தெரிகிறது. போல்ட் சீல் உடைந்தது துறைமுக வாசலில்தான் தெரியவரும். இது உடைபடும்போதே சொல்லும். கென்யா, உகாண்டா, ருவாண்டா நாடுகளில் சுங்கத்துறையே இப்படிப்பட்ட மின்னணுச் சீலைப் போட்டு, எல்லை தாண்டிப் போகும் லோரிகளைக் கண்காணிக்கிறது. போய்ச் சேரும் இடத்தில் சுங்க அதிகாரி கழற்றி எடுத்துக்கொள்வார், அதே பூட்டு அடுத்த லோரிக்குப் போகும். அங்கே அது நன்றாகப் பொருந்துகிறது.

நம் வழி வேறு மாதிரி. பூட்டு போய்விட்டுத் திரும்பி வர வேண்டும், எங்கள் சரக்கோ ஒரு வழியாகச் சீனாவுக்குப் போகிறது. அதனால் துறைமுகத்தில் ஒருவர் நின்று பூட்டைக் கழற்றி வாங்க வேண்டும். அந்த இடத்தில் கதவில் என்ன இருக்கும்? போல்ட் சீல்தான். ஜிபிஎஸ் பூட்டு வாங்கினாலும் போல்ட் சீலை விட முடியாது. கழற்றாமல் கப்பலில் அனுப்பினால், கரையைத் தாண்டியதும் சிக்னல் போய்விடும், அந்தப் பக்கம் அதைத் திருப்பி அனுப்ப ஆளும் இல்லை. அப்படியானால் அதன் வேலை சில மணி நேரச் சாலைப் பயணத்துக்கு மட்டும்.

அந்தச் சில மணி நேரத்துக்கு எங்கள் பக்கத்தில் என்னென்ன நடக்க வேண்டும் என்று பாருங்கள். ஏற்றுமதி நாளுக்கு முன் யாராவது மறக்காமல் சார்ஜ் போட வேண்டும். நார்த் தூசியும் ஈரமும் உள்ள கொட்டகையில் இணைப்பு முனைகளைத் துடைத்து வைக்க வேண்டும். துறைமுகத்திலிருந்து பூட்டு திரும்பி வந்ததா என்று கணக்குப் பார்க்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, எச்சரிக்கை வந்தால் எழுந்து பார்க்க ஆள் வேண்டும். ஒருமுறை நடுராத்திரியில் எச்சரிக்கை வந்தது. ஓட்டுநரைக் கூப்பிட்டால் அவர் கடையோரம் நிறுத்திவிட்டுத் தே தாரேக் குடித்துக்கொண்டிருக்கிறார், கதவில் ஒன்றும் இல்லை. சாலைக் குலுக்கலில் வந்த பொய் எச்சரிக்கை. வாடகைக்குக் கொடுத்த இடத்தில் கேட்டால், உணர்வுத் திறனைக் குறைத்துத் தருகிறோம் என்றார்கள். குறைத்தால் உண்மையான எச்சரிக்கையும் தப்பலாம், குறைக்காவிட்டால் இரண்டு மூன்று பொய்க்குப் பிறகு யாரும் எழுந்து பார்க்கமாட்டார்கள். அது உண்மையாகவே இருந்தாலும், ஊத்தான் மெலிந்தாங்கில் இருக்கும் நான் கோல சிலாங்கூரில் நிற்கும் லோரிக்கு என்ன செய்துவிட முடியும்? இருபத்து நான்கு மணி நேரமும் ஆள் வைத்துப் பார்க்கிற பெரிய நிறுவனத்துக்கு ஏற்ற சாதனம் அது. ஏற்றுமதிக்கென்று ஒரே ஒரு கிராணி இருக்கிற ஆலைக்கு அதன் பராமரிப்பே தனி வேலை.

அந்த நேரத்தையும் கவனத்தையும் நாங்கள் ஒவ்வொரு கொள்கலனின் சோதனையையும் எழுதி வைக்கும் ஓர் ஏட்டில் போட்டோம். காலிக் கொள்கலன் வந்ததும் ஒருவர் உள்ளே நின்று கதவைச் சாத்திக்கொண்டு, எங்காவது வெளிச்சம் கசிகிறதா என்று பார்க்கிறார். நாற்பதடிக் கொள்கலனின் உள்நீளம் சுமார் 12 மீட்டர். நாடாவால் அளந்து பார்த்தால் முன்பக்கத்தில் போலிச் சுவர் வைத்திருந்தால் தெரிந்துவிடும். ஏற்றி முடித்துச் சீல் போட்ட பிறகு எண்ணைப் பார்க்கிறோம், ஆவணத்தோடு ஒப்பிடுகிறோம், இழுத்துப் பார்க்கிறோம், திருகிப் பார்க்கிறோம். தலை கழன்று வரும்படி திருகு வெட்டிய போலி சீல்கள் உண்டு, அவை இந்தக் கடைசிச் சோதனையில் மாட்டிக்கொள்ளும். கதவு, இரண்டு சீல்கள், கைப்பிடி ரிவெட்டுகள் எல்லாவற்றையும் நேரம் தெரியும்படி படம் எடுக்கிறோம். ஓட்டுநரும் ஏட்டில் கையெழுத்துப் போட வேண்டும். "என்னை நம்பலையா அண்ணே?" என்று ஒருவர் வருத்தப்பட்டார். இது அவருக்கும் காவல் என்று சொன்னேன். துறைமுக வாசலில் சீல் மாறியிருந்தால் முதல் சந்தேகம் அவர் மேல்தான் விழும். இப்போது வாசலில் நுழையும் முன் அவரே சீலைப் படம் எடுத்து அனுப்புகிறார். கல்யாண மொய் நோட்டு மாதிரிதான் இந்த ஏடும். எழுதும்போது யாருக்கும் பெரிதாகத் தெரியாது, கேள்வி வரும் நாளில் அதுதான் பேசும்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். என் அனுபவம் நாரோடு சரி. கைப்பேசி, மின்னணுப் பாகங்கள், சிகரெட் மாதிரி திருடனே தேடி வருகிற சரக்குக்கு என் கணக்கு பொருந்தாது. அங்கே லோரி நின்ற நிமிடமே தெரிய வேண்டும், அதற்கு ஜிபிஎஸ் பூட்டின் செலவும் அலைச்சலும் தகும் என்றுதான் நினைக்கிறேன். இரவில் லோரி ஓட்ட வேண்டிய கட்டாயம் உள்ளவர்களும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். இப்போதெல்லாம் நாங்கள் விடியற்காலையில் சீல் போட்டு, வழியில் ராத்தங்கல் இல்லாமல் அன்றே துறைமுகத்துக்குள் சேர்த்துவிடுகிறோம். அது முடியாதவர்களுக்கு என் முடிவு அப்படியே ஒத்துவரும் என்று சொல்லமாட்டேன்.

அப்புறம், எந்தச் சீல் போட்டாலும் ஒரு இடத்தில் கவனம் வேண்டும். சுங்க அதிகாரிகள் பரிசோதனைக்காகக் கொள்கலனைத் திறந்தால் பழைய சீல் வெட்டப்பட்டு, புது எண்ணோடு வேறு சீல் ஏறும். அந்த எண்ணை ஏஜெண்டிடம் அன்றே கேட்டு வாங்கி, பழைய எண்ணுக்குக் கீழே தேதி, காரணத்தோடு எழுதுங்கள். சரக்குச் சீட்டில் எண் மாறியதா என்று பாருங்கள். வாங்குகிறவருக்கும் கப்பல் போய்ச் சேருவதற்கு முன்பே தெரிவித்துவிடுங்கள்.