ரோவர் கே சீரிஸ் ஹெட் காஸ்கெட்: பழைய ரப்பர் வகையா, பல அடுக்கு ஸ்டீலா?

ரோவர் கே சீரிஸ் இன்ஜின் உள்ள என் எம்ஜிஎஃப் ஸ்போர்ட்ஸ் காரில், சிலிண்டர்களை மேலிருந்து மூடும் ஹெட்டை இரண்டாவது முறை கழற்ற வேண்டி வந்தபோதுதான் இந்தக் கேள்வியை நிதானமாக யோசித்தேன். முதல் முறை ஒரு வொர்க்‌ஷாப்பில் விட்டு, ஹெட்டுக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் நடுவில் ஒழுகாமல் அடைக்கும் காஸ்கெட்டைப் புதிதாகப் போட்டு வாங்கினேன். ஒன்றரை வருடம் கழித்து ஆயில் மூடியைத் திறந்தால் மறுபடியும் வெண்ணெய் போல வெளுத்த கசடு. கூலண்ட் ஆயிலில் கலந்துவிட்டது. இந்த முறை வேலையை நானும் ஒரு நண்பருமாகச் செய்தோம். நண்பருடையது லோட்டஸ் எலிஸ், முதல் தலைமுறை. அதிலும் இதே 1,796 சிசி இன்ஜின்தான். அவர் ஒரு வகை காஸ்கெட் போட்டார், நான் இன்னொன்று போட்டேன்.

ஊற்றினால் ஒழுகல் அடையும் என்று விற்கும் திரவங்களைப் பற்றி அதிகம் பேச வேண்டாம். ரேடியேட்டரும் ஹீட்டரும் அடைத்துக்கொள்ளும், காஸ்கெட் அப்படியேதான் இருக்கும். உண்மையான போட்டி இரண்டுக்கு நடுவில். ஒன்று, வண்டியோடு வந்த வகை: ஒரு ஸ்டீல் தகடு, கூலண்ட், ஆயில் துளைகளைச் சுற்றி ஒட்டிய சிலிகான் ரப்பர் வரி, சிலிண்டரைச் சுற்றி வெடிப்பின் அழுத்தத்தை அடைக்கும் உலோக வளையமான ஃபயர் ரிங். இன்னொன்று, பின்னால் வந்த எம்எல்எஸ் (மல்டி லேயர் ஸ்டீல்): பல ஸ்டீல் அடுக்குகள், அதோடு ஹெட் பக்கம் வைக்க ஒரு மெல்லிய ஷிம் தகடு.

இந்த இன்ஜினின் அமைப்பு தெரியாமல் எதைத் தேர்ந்தெடுத்தாலும் குருட்டாம்போக்குதான். ஹெட்டைப் பிடிக்கும் 10 நீள போல்ட்கள் பிளாக்கில் முடிவதில்லை. ஹெட், பிளாக், கிராங்கைத் தாங்கும் பேரிங் லேடர் எல்லாவற்றையும் துளைத்து, அடியில் ஆயில் தொட்டியான சம்ப்புக்குள் இருக்கும் ஆயில் ரெயில் என்ற உலோகச் சட்டத்தில் போய் முறுகுகின்றன. பிஸ்டன் ஓடும் உருளைக் குழாய்களான சிலிண்டர் லைனர்களும் பிளாக்கோடு சேர்த்து வார்த்தவை அல்ல, தனியாக உள்ளே உட்கார்ந்திருப்பவை. அதனால் ஹெட் கழன்றதும் அவற்றைப் பிடித்துவைக்க ஒன்றுமில்லை. அந்த நேரத்தில் பிஸ்டன்களை அசைக்கும் கிராங்க் தண்டைச் சுற்றினால் பிஸ்டன் லைனரைத் தூக்கிவிடும், அடியில் இருக்கும் சீல் போய்விடும். நாங்கள் ஹெட்டைத் தூக்கிய உடனே வாஷரும் குழாய்த் துண்டும் வைத்து லைனர்களை இறுக்கிவிட்டோம்.

சரி, எந்த காஸ்கெட் என்பதை முடிவு செய்வது லைனர் உயரம்தான். லைனரின் மேல்விளிம்பு பிளாக்கின் முகத்தைவிடக் கொஞ்சம் மேலே நிற்க வேண்டும். அப்போதுதான் போல்ட்டின் இறுக்கம் முதலில் ஃபயர் ரிங் மேல் விழும், லைனரும் அசையாமல் நிற்கும். விளிம்பு பிளாக்கோடு சமமாகிவிட்டால் இறுக்கத்தைப் பிளாக் வாங்கிக்கொள்ளும். லைனர் ஒவ்வொரு வெடிப்புக்கும் நூலளவு ஆடும். அந்த ஆட்டத்தில்தான் ஃபயர் ரிங்கும் பக்கத்து ரப்பர் வரியும் சிதைகின்றன. நான் மெனக்கெட்டு அளந்தது இதைத்தான். நூலளவு உயர வித்தியாசத்தையும் காட்டும் டயல் கேஜை வைத்து, ஒவ்வொரு லைனரையும் நான்கு இடங்களில். முதலாவதும் நான்காவதும் 0.07 மி.மீ. மேலே நின்றன. நடு இரண்டும் 0.02 கூட இல்லை. முதல் வொர்க்‌ஷாப்பில் இதை அளக்கவில்லை என்பது அப்போதுதான் புரிந்தது. அளந்திருந்தால் எந்த காஸ்கெட்டையும் அந்த நிலையில் போட்டிருக்க மாட்டார்கள்.

எம்எல்எஸ்ஸின் பலமும் பலவீனமும் இங்கேதான். அதன் அடுக்குகளில் அழுத்தி எழுப்பிய வரிகள் ஸ்பிரிங் மாதிரி வேலை செய்கின்றன. இன்ஜின் சூடாகி விரிந்தாலும், குளிர்ந்து சுருங்கினாலும், ஹெட்டோடு சேர்ந்தே அசைகின்றன. ரப்பர் வரியில் தகட்டிலிருந்து உரிந்து வரும் பிரச்சினை உண்டு, இதில் அது இல்லை. ஆனால் அந்த ஸ்பிரிங்கின் வீச்சு மிகக் குறைவு. லைனர் தாழ்ந்திருந்தால் அதை ஈடுகட்ட அதால் முடியாது. ரப்பர் வகை இந்த விஷயத்தில் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும். மேற்பரப்பு கண்ணாடி போல இல்லாவிட்டாலும் ரப்பர் பள்ளத்தை நிரப்பிவிடும். எம்எல்எஸ்ஸுக்கு அந்தத் தாராளம் கிடையாது.

அதனால் நான் இன்ஜினை இறக்கினேன். எம்ஜிஎஃப்பில் இன்ஜின் நடுவில், சீட்டுக்குப் பின்னால் இருக்கிறது, சின்ன வேலை இல்லை. லைனர்களை வெளியே எடுத்து, பிளாக்கின் முகத்தைச் சீவி, லைனர்களைப் புது சீலண்ட் வைத்து உட்கார்த்தினோம். நான்கும் 0.08க்கும் 0.10க்கும் நடுவில் வந்தன. அப்புறம்தான் எம்எல்எஸ் போட்டேன், கூடவே கனமான ஆயில் ரெயிலும் புது போல்ட்களும். நண்பரின் எலிஸில் நான்கு லைனர்களும் 0.04 பக்கம் இருந்தன, அவருக்கு இன்ஜினை இறக்க நேரமும் இல்லை. மேம்படுத்தப்பட்ட ஃபயர் ரிங் உள்ள ரப்பர் வகையையே போட்டார். அவருடைய நிலையில் நானும் அதைத்தான் போட்டிருப்பேன்.

இன்னொரு காரணமும் என்னை எம்எல்எஸ் பக்கம் தள்ளியது. ஒரு முறை நன்றாகச் சூடேறிய அலுமினிய ஹெட் மெத்தென்று ஆகிவிடலாம். ஃபயர் ரிங் அதில் பதிந்து வட்டமாகப் பள்ளம் போடும். என் ஹெட்டில் விரல் நகம் மாட்டும் அளவுக்குத் தடம் இருந்தது. சீவியபின் கடினத்தன்மையைச் சோதிக்கச் சொன்னேன், ஒப்புக்கொள்ளும்படி இருந்தது. இருந்தாலும் ஷிம் அந்த அழுத்தத்தைப் பரப்பிவிடும் என்ற நிம்மதி எனக்குப் பெரியது. கடினம் போய்விட்ட ஹெட்டை ஷிம் காப்பாற்றும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், வேறு ஹெட் தேட வேண்டியதுதான்.

இரண்டு வகைக்கும் பொதுவான வேலைகளில் வித்தியாசம் இல்லை. பழைய இன்ஜின்களில் ஹெட்டை இடத்தில் நிறுத்தும் டவல்கள் (சிறு முளைகள்) பிளாஸ்டிக்கில் இருக்கும், ஸ்டீலுக்கு மாற்றுங்கள். இறுக்கும்போது வரிசைப்படி 20 நியூட்டன் மீட்டர், அப்புறம் 180 டிகிரி, மறுபடி 180 டிகிரி. போல்ட் தலையில் பெயின்ட் அடையாளம் வைத்தால் குழப்பம் வராது. டைமிங் பெல்ட்டைக் கழற்றத்தான் போகிறோம், புதிதே போட்டுவிடலாம்.

கூலண்ட் எங்கே போனது என்று கண்டுபிடிக்காமல் மூடிவிடாதீர்கள். இந்த இன்ஜினில் கூலண்ட் அளவு கம்மி. எங்கள் வண்டிகளில் ரேடியேட்டர் முன்னால், இன்ஜின் பின்னால், நடுவில் நீளக் குழாய்கள். கொஞ்சம் குறைந்தாலே காற்று புகுந்து ஹெட் காய்ந்துவிடும். என் வண்டியில் இன்டேக் மேனிஃபோல்ட் காஸ்கெட் ஓரமாகக் கசிந்துகொண்டிருந்தது, காய்ந்த தடம் மட்டும்தான் சாட்சி. நண்பரும் நானும் கூலண்ட் குறைந்தால் கத்தும் அலாரம் பொருத்திக்கொண்டோம்.

என் எம்எல்எஸ் இதுவரை 14,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது, எல்லாம் சாதாரண சாலை ஓட்டம். ட்ராக்கில் ஒரு நாள் முழுக்க விரட்டினால் எப்படி இருக்கும் என்பதற்கு என் வண்டி சாட்சி சொல்லாது. நண்பரின் ரப்பர் காஸ்கெட் 9,000 தாண்டியிருக்கிறது, அங்கேயும் கூலண்ட் கோடு இறங்கவில்லை. அடுத்த குளிர்காலத்தில் அவர் இன்ஜினை இறக்கப் போகிறார். லைனர்களை 0.08க்கு ஏற்றிவிட்டு எம்எல்எஸ்ஸுக்கு மாறலாமா என்று கேட்டார். இறக்கப் போகும் இன்ஜின் என்பதால் மாறச் சொல்லிவிட்டேன், டயல் கேஜ் இப்போது அவரிடம்தான் இருக்கிறது.