பெட்டியில் நாலு பேர், உள்ளே இரண்டு பேர்: மலிவு விலை டோம் டென்ட்

ஆன்லைனில் 1,500 ரூபாய் சுமாருக்குக் கிடைக்கும் ஒற்றை அடுக்கு டோம் டென்ட்டுகள் இரண்டு விஷயங்களைச் சொல்லித்தான் விற்கின்றன: நாலு பேர் படுக்கலாம், மழையில் நனையாது. இரண்டையும் நம்பி மலையேறாதீர்கள்.

தரை பெரும்பாலும் 200 × 200 செ.மீ. ஆளுக்கு 50 செ.மீ. வருகிறது. ஒரு ஸ்லீப்பிங் மேட்டின் அகலமே ஏறக்குறைய அவ்வளவுதான். பை வைக்க இடமில்லை. சுவர் சாய்வாக இறங்குவதால் ஆறடி ஆள் நீட்டிப் படுத்தால் தலையோ காலோ துணியில் முட்டும். இரண்டு பேர், இரண்டு பைகள் என்றால் சரியாக இருக்கும்.

மழைதான் பெரிய ஏமாற்றம். துணியின் மேல் எத்தனை மி.மீ. உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் கசியத் தொடங்கும் என்பதே வாட்டர்ப்ரூஃப் அளவு. மேல்துணிக்கு 1500, தரைக்கு 3000 இருந்தால் தைரியமாக வாங்கலாம். இவற்றில் பலவற்றில் எண்ணே போடுவதில்லை. எண் இருந்தாலும் முதலில் ஒழுகுவது தையல்தான். ஊசித் துளைகளை உள்பக்கம் டேப் ஒட்டி அடைத்திருக்க வேண்டும், விரலால் தடவினாலே இருக்கிறதா என்று தெரிந்துவிடும். மழைக்காக மேலே போடும் தனித்துணியான ரெயின்ஃப்ளை, உச்சியில் ஒரு தொப்பி மாதிரி, கூரை வலையை மட்டும் மூடுகிறது. கொடைக்கானலில் காற்றோடு சாரல் அடித்தால் ஜிப் வழியாகவே தண்ணீர் இறங்கும்.

விடிகாலையில் உட்சுவரில் வழிவது எல்லாம் மழையல்ல, மூச்சுக்காற்றின் ஈரமும் குளிர்ந்த துணியில் படிகிறது. ஜிப்பை மேலே நாலு விரல் திறந்து வைத்தால் குறையும்.

ஃபைபர்கிளாஸ் கம்பிகள் உலோக மூட்டின் விளிம்பில்தான் பிளக்கின்றன. துண்டுகளை முழுக்கச் செருகாமல் வளைப்பதே காரணம். பிளந்த இடத்தை வெறுங்கையால் தொடாதீர்கள், சிராய் ஏறும். கூடவே வரும் மெல்லிய ஆணிகள் கல்தரையில் வளைந்துவிடும், கனமான அலுமினிய ஆணிகள் தனியாக வாங்குங்கள்.

ரிட்டர்ன் நாள் முடிவதற்குள் மொட்டைமாடியில் கட்டி, ஹோஸால் 20 நிமிடம் நாலு பக்கமும் அடித்துப் பாருங்கள். தையலில் மட்டும் கசிந்தால், வைத்துக்கொள்வது என்று முடிவான பிறகு, காயவைத்து, தையலை அடைக்கும் பாலியூரிதேன் பசையை (சீம் சீலர்) தடவி ஓர் இரவு விடலாம். பாலியூரிதேன் பூச்சுள்ள துணியில் சிலிக்கான் சீலர் சரியாகப் பிடிக்காது. துணியே கசிந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள்.