கிளட்ச் ஒயர்: கம்பெனியா, லோக்கலா?

தர்மபுரி ஸ்பேர் கடைகளில் பைக்குக்குக் கிளட்ச் ஒயர் கேட்டால், "கம்பெனி போடவா, லோக்கல் போதுமா?" என்பார்கள். விலையை மட்டும் பார்த்துப் பதில் சொன்னால் சீக்கிரமே அதே கடைக்குத் திரும்ப வரவேண்டியிருக்கும். ஒயர் எந்தக் கோணத்தில் ஹேண்டிலில் உள்ள கிளட்ச் லிவருக்குள் போகிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

வண்டியில் எதையும் மாற்றவில்லை என்றால் கம்பெனி ஒயரில் யோசிக்க ஒன்றுமில்லை. நீளம், நிப்பிள் (ஒயர் நுனியில் உள்ள உலோகக் குமிழ்), அவுட்டர் (ஒயரின் வெளி உறை) எல்லாம் அளவாக இருக்கும். பழைய ஒயர் போன வழியிலேயே, அதே கிளிப்புகளுக்குள் விட்டால் முடிந்தது.

லோக்கல் ஒயரை வாங்கும்முன் கையில் எடுத்துப் பாருங்கள். நிப்பிளை லிவர் ஓட்டையில் போட்டு விரலால் உருட்டினால் தாராளமாகச் சுழல வேண்டும். சுழலாவிட்டால் லிவரைப் பிடிக்கும்போதெல்லாம் நிப்பிளின் கழுத்திலேயே ஒயர் மடங்கும். அப்புறம் இழை இழையாக அறும். விரலில் ஒரு இழை குத்தினால் அந்த ஒயரின் காலம் முடிந்தது. நிப்பிளுக்குக் கொஞ்சம் கிரீஸ் கட்டாயம். நீளம் கூடுதலானால் டேங்குக்கு அடியில் அவுட்டர் நெளியும். குறைந்தால் ஹேண்டிலைத் திருப்பும்போது இழுக்கும். அவுட்டருக்குள் நைலான் அல்லது டெஃப்லான் லைனர் (ஒயர் வழுக்கி ஓட உதவும் உள் உறை) உள்ளது என்றால் கொஞ்சம் கூடுதல் காசு கொடுக்கலாம். சேலத்திலிருந்து வரும்போது தொப்பூர் கணவாய் ஏற்றத்தில் லாரிக்குப் பின்னால் ஊர்ந்து வருபவர்களுக்கு அந்த வித்தியாசம் கையில் தெரியும்.

உண்மையான வம்பு மூன்றாவது வழியில்தான்: ஒயர் பழசு, லிவர் மட்டும் கலர் கலராக வெளியில் வாங்கியது. ஓசூரில் பசங்க வண்டிகளில் இது நிறைய. லிவர் சுழலும் பிவட்டுக்கும் நிப்பிள் ஓட்டைக்கும் உள்ள தூரம் கூடினால் லிவர் கனக்கும். குறைந்தால் லேசாக இருக்கும், ஆனால் கிளட்ச் முழுசாக விடாது, கியர் முரண்டு பிடிக்கும். அதைவிட மோசம், ஓட்டை ஒரு மில்லிமீட்டர் மேலோ கீழோ இருப்பது. லிவரைப் பிடித்தும் விட்டும் முன்பக்கமிருந்து பாருங்கள். ஒயர், அட்ஜஸ்டர் (லிவர் பக்கம் ஒயரின் இறுக்கத்தைச் சரிசெய்யும் திருகு) ஓட்டையின் நடுவில் நிற்க வேண்டும். ஓட்டையின் ஓர் ஓரம் மட்டும் பளபளவென்று தேய்ந்திருந்தால், ஒயர் அங்கே அறுபடுகிறது. பிவட்டில் மேலும் கீழும் ஆட்டம் இருந்தால் மெல்லிய வாஷர் போட்டு உயரத்தைச் சரிசெய்யலாம். அரத்தால் ராவி ஓட்டையைப் பெரிதாக்கும் வேலை வேண்டாம், கூர்முனை விட்டுப்போனால் ஒயருக்கு அதுவே கத்தி.

இன்னர் (அவுட்டருக்குள் ஓடும் கம்பி) மட்டும் மாற்றுவது நடுவழியில் வீடு சேர உதவும். அவ்வளவுதான்.

என் கணக்கு இதுதான்: லிவர் ஒரிஜினல் என்றால் லைனர் வைத்த நல்ல லோக்கல் ஒயரே போதும். லிவர் வெளியில் வாங்கியது என்றால் ஒயருக்குக் காசு போடும்முன் கம்பெனி லிவரை மாட்டுங்கள்.

எதை மாட்டினாலும் இன்ஜின் பக்கத்தையும் குனிந்து பாருங்கள். வண்டி விழுந்திருந்தால் ஒயரைப் பிடிக்கும் பிராக்கெட் வளைந்து, ஒயர் இன்ஜினில் உள்ள கிளட்ச் ஆர்முக்கு நேராகப் போகாமல் சாய்ந்து இழுக்கும். லிவர் நுனியில் பெரும்பாலான வண்டிகளுக்கு 10 முதல் 20 மில்லிமீட்டர் ஃப்ரீ பிளே (ஒயர் இழுபடும் முன் லிவர் சும்மா நகரும் தூரம்) வைத்து, லாக் நட்டை இறுக்குவதற்கு முன் அட்ஜஸ்டரில் ஒயரை நுழைக்கும் வெட்டும் நட்டின் வெட்டும் ஒரே நேரில் நிற்காதபடி திருப்பி வையுங்கள். நேராக நின்றால் ஒயர் வெளியே நழுவும், மழைத்தண்ணீரும் செம்மண் தூசியும் உள்ளே போகும்.