அறுவடைக்கு முன் கஞ்சாச் செடிக்கு பிளஷ் தேவையா? பல பருவங்கள் வளர்த்த அனுபவம்

சட்டப்படி அனுமதி உள்ள இடத்தில் வீட்டுக்குள் கூடாரம் போட்டுச் சில செடிகள் வளர்க்கிறவன் நான். இந்த வட்டத்தில் எல்லோரும் ஓதும் ஒரு விதி உண்டு: அறுவடைக்கு ஒன்று அல்லது இரண்டு வாரம் முன்பே உரத்தை நிறுத்து, வெறும் தண்ணீர் மட்டும் ஊற்று. இதைத்தான் பிளஷ் என்கிறார்கள். செடிக்குள் தேங்கிய உரம் வெளியேறும், புகை மென்மையாகும், சாம்பல் வெள்ளையாக வரும் என்பது நம்பிக்கை. பல பருவங்களாகச் செய்தும் செய்யாமலும் பார்த்தாயிற்று. பூவின் தரத்துக்காக பிளஷ் தேவையில்லை என்பதே என் முடிவு.

ஒப்பிட்டுப் பார்த்த விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த விஷயத்தில் பலரும் சறுக்குவது அங்கேதான். போன பருவத்துப் பூவையும் இந்தப் பருவத்துப் பூவையும் நினைவில் வைத்து ஒப்பிட்டால் எதுவும் தெரியாது. விதை வேறு, வெயில் வேறு, காற்றின் ஈரம் வேறு. அதனால் ஒரே தாய்ச்செடியிலிருந்து வெட்டிய பதியன்களை ஒரே விளக்கின் கீழ், ஒரே அளவு தொட்டியில், தென்னை நார்த்தூளில் வளர்த்தேன். கடைசி இரண்டு வாரம் பாதிச் செடிகளுக்கு வெறும் தண்ணீர், மீதிக்கு வழக்கமான உரக்கரைசல். ஒரே நாளில் வெட்டி, ஒரே அறையில் உலர்த்தி, எண் மட்டும் எழுதிய ஜாடிகளில் அடைத்தோம். எந்த எண் எந்தச் செடி என்ற குறிப்பு என் மனைவியிடம் மட்டும் இருந்தது. இதையே வேறு வேறு ரகங்களில் திரும்பச் செய்தேன்.

கண்ணுக்குத் தெரிந்த வித்தியாசம் ஒன்றுதான். பிளஷ் செய்த செடிகளில் பெரிய இலைகள் மஞ்சளாகி உதிர்ந்தன. வாசனையை வைத்தோ, தொண்டையில் உணரும் கரகரப்பை வைத்தோ என்னாலும், கூட இருந்து சுவைத்த நண்பர்களாலும் ஜாடிகளைப் பிரித்துச் சொல்ல முடியவில்லை. சிலமுறை உரம் போட்ட செடியின் பூவே நன்றாக இருப்பதாக ஓட்டு விழுந்தது.

இந்த மஞ்சள் நிறம்தான் நம்பிக்கையை வளர்க்கிறது என்று நினைக்கிறேன். செடி சுத்தமாகிறது என்று அதைப் பார்த்துச் சொல்கிறார்கள். உண்மையில் நடப்பது பட்டினி. நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம், மக்னீசியம் எல்லாம் செடிக்குள் இடம் மாறக்கூடியவை. வேரிலிருந்து வரத்து குறைந்தால் செடி முதிர்ந்த இலையிலிருந்து அவற்றை உருவிப் பூவுக்கும் இளந்தளிருக்கும் அனுப்புகிறது. கால்சியம் அப்படி நகராது, போன இடத்திலேயே நின்றுவிடும். ஆக, ஊற்றும் தண்ணீர் கழுவுவது தொட்டியில் இருக்கும் உப்பை. திசுவுக்குள் போய்ச் சேர்ந்த சத்தைத் தண்ணீர் ஊற்றி வெளியே இழுக்க வழி கிடையாது. நாம் சத்தைக் குறைக்க நினைக்கும் பூவுக்குத்தான் செடி கடைசிவரை சத்தைச் சேமித்துக் கொடுக்கிறது!

ஆய்வுகளும் இந்தப் பக்கமே நிற்கின்றன. கனடாவின் குவெல்ப் பல்கலைக்கழகத்தில் 2017இல் வந்த முதுநிலை ஆய்வேடு ஒன்று, பிளஷ் செய்வதால் பூவில் உள்ள சத்துகள் குறிப்பிடும்படி குறையவில்லை என்று காட்டியது. அமெரிக்காவில் ஆர்எக்ஸ் கிரீன் டெக்னாலஜீஸ் என்ற நிறுவனம் செர்ரி டீசல் ரகத்தை வைத்து 0, 7, 10, 14 நாள் பிளஷ் என்று பிரித்துச் சோதித்தது. விளைச்சல், டிஎச்சி (போதை தரும் பொருள்), டெர்பீன் (வாசனை தரும் சேர்மங்கள்) எதிலும் பொருட்படுத்தும் வேறுபாடு இல்லை. சுவைத்தவர்கள் பிளஷ் செய்யாததின் பக்கமே கொஞ்சம் சாய்ந்தார்கள். அது உரம் விற்கும் நிறுவனம் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். ஆனாலும் என் ஜாடிகள் சொன்னதும் அதேதான்.

கீரை விஷயத்தில் இதற்கு நேர்மாறான உதாரணம் இருக்கிறது. மண்ணில்லாமல் வளர்க்கும் லெட்யூஸில் அறுவடைக்குச் சில நாள் முன் நைட்ரஜனை நிறுத்தினால் இலையில் நைட்ரேட் குறையும். அது உண்மை. ஆனால் அங்கே இலையே உணவு. இங்கே வேண்டியது பூ, இலையை வெட்டி எறிகிறோம். ஒரு பயிரின் பாடத்தை இன்னொன்றுக்கு அப்படியே தூக்கி வைக்க முடியாது.

சரி, அப்படியானால் தொண்டையை அறுக்கும் புகை எங்கிருந்து வருகிறது? என் அனுபவத்தில் பெரும்பாலும் உலர்த்தும் அறையிலிருந்து. சுமார் 16 முதல் 18 டிகிரி வெப்பம், 60 சதவீத ஈரப்பதம், இருட்டு, பூவின் மேல் நேராக வீசாத மெல்லிய காற்று. இப்படி 10 முதல் 14 நாள் மெதுவாகக் காய்ந்த பூ, பிளஷ் செய்திருந்தாலும் இல்லாவிட்டாலும் மென்மையாகவே இருந்தது. மின்விசிறியை நேராக வைத்து மூன்று நான்கு நாளில் காயவைத்தது, எவ்வளவு பிளஷ் செய்தும் பச்சைப்புல் வாடை அடித்தது. மெதுவாக உலரும்போது பச்சையம் சிதைய நேரம் கிடைக்கிறது. அவசரமாகக் காய்ந்தால் அந்த வேலை பாதியில் நின்றுவிடுகிறது. ஈரப்பதம் 65ஐத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் பூஞ்சை வரும் என்ற பயமும் இருக்க வேண்டும், தடித்த பூக்களின் நடுவில்தான் அது முதலில் பிடிக்கும். அப்புறம் ஜாடியில் 58 முதல் 62 சதவீத ஈரத்தில் சில வாரம் பதப்படுத்தல். முதல் சில நாட்கள் தினமும் மூடியைத் திறந்து காற்று மாற்றுகிறேன்.

சாம்பல் நிறத்தை வைத்துத் தீர்ப்பு சொல்வதை விட்டுவிடலாம். சரியாகக் காயாத ஈரப்பூ கறுப்பாகவே எரிகிறது. ஒரே ஜாடியில் ஈரம் மாறும்போது சாம்பலின் நிறமும் மாறியதைப் பார்த்திருக்கிறேன்.

இதற்காகக் கடைசி நாள்வரை உரத்தைக் கொட்டச் சொல்லவில்லை. பூக்கும் காலத்தின் பின்பாதியில் நைட்ரஜனை அளவாகவே வைக்கிறேன். அதிகமானால் பூவோடு ஒட்டிய சின்ன இலைகள் கரும்பச்சையாகி நுனி வளைந்து நிற்கும், அந்தப் பூ வாசனையில் எனக்குப் பிடித்ததே இல்லை. தொட்டியிலிருந்து வடியும் நீரின் இசி (கரைந்த உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்தும் திறன்), ஊற்றும் கரைசலைவிட மிகவும் ஏறி, இலை நுனியும் கருகினால் உப்பு தேங்கிவிட்டது என்று பொருள். அப்போது கழுவத்தான் வேண்டும், அது எந்த வாரமானாலும். தென்னை நார்த்தூளில் வெறும் தண்ணீரைவிட நீர்த்த உரக்கரைசலால் கழுவுவது நல்லது. கம்போஸ்டும் நுண்ணுயிரும் நிறைந்த மண்ணில் வளர்ப்பவர்கள் இதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். அங்கே தொட்டியை மூழ்கடித்தால் வேருக்குக் காற்று போகாது, நுண்ணுயிர்தான் பாதிக்கப்படும்.

கடைசி மூன்று நான்கு நாள் வெறும் தண்ணீர் ஊற்றினால் கெடுதல் எதுவும் இல்லை, உரச்செலவும் மிச்சம். நான் இப்போது செய்வதும் அதுதான். இரண்டு வாரம் பட்டினி போடுவதை மட்டும் நிறுத்திவிட்டேன். நீங்களே பார்க்க விரும்பினால் ஒரே தாயின் இரண்டு பதியன் போதும். ஜாடியில் பெயர் எழுதாமல் எண் மட்டும் எழுதுங்கள், குறிப்பை வேறொருவரிடம் கொடுத்துவிடுங்கள்.