சென்னையில் லென்ஸ், வாணியம்பாடியில் தூண்

டொரொண்டோவில் இரவு வானத்தைப் படம் எடுக்கும் நண்பர்கள், ஊருக்குப் போனால் கருவிகளை அங்கேயே வாங்கலாமா என்று கேட்கிறார்கள். மாசி அமாவாசையை ஒட்டி வாணியம்பாடி போய்வந்த பிறகு என் பதில் இது: லென்ஸைச் சென்னைக் கடையில் சோதித்து வாங்குங்கள். இரும்பு, அலுமினிய வேலை எதுவானாலும் ஊர்ப் பட்டறையில் செய்துகொள்ளுங்கள். நட்சத்திரங்கள் நகர்வதற்கேற்பக் கேமராவை மெல்லத் திருப்பும் டிராக்கரை மட்டும் இங்கிருந்தே கொண்டுபோங்கள்.

டொரொண்டோ 44 பாகை வடக்கில் இருப்பதால் ஒமேகா சென்டாரி விண்மீன் கொத்து இங்கே அடிவானத்துக்கு மேல் வருவதே இல்லை. வாணியம்பாடியை அடுத்த ஜவ்வாது மலையில் அது 30 பாகை உயரம் ஏறுகிறது. தென்சிலுவையும் கரைனா நெபுலாவும்கூடத் தெரியும். வைணு பாப்பு வானாய்வகம் இருக்கும் காவலூர் அந்த மலையில்தான். 1977இல் யுரேனஸின் வளையங்களுக்குத் தடயம் கிடைத்த இடங்களில் அதுவும் ஒன்று. அவ்வளவு நல்ல வானம் அத்தை வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும்போது எடுக்காமல் வர மனசு வருமா?

எனக்கு வேண்டியிருந்தது சாம்யாங் 135 மி.மீ. எஃப்/2 லென்ஸ். முதலில் இணையத்தில் ஒரு விற்பனையாளரிடம் வாங்கினேன். வந்த பில்லில் வரிசை எண்ணே இல்லை. போனில் கேட்டால் ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொன்னார்கள். திருப்பி அனுப்பிவிட்டேன், பணம் வர இழுத்தது. அப்புறம்தான் மவுண்ட் ரோடு பக்கம் ஒரு கடைக்குப் போனேன்.

அங்கே கிடைத்த சேவையை விரிவாகச் சொல்ல வேண்டும். லென்ஸைச் சோதிக்க, அலுமினியத் தாளில் ஊசியால் துளை போட்டு, போன் டார்ச்சின் மேல் சுற்றிக் கடையின் கோடியில் வைத்தேன். அந்த ஒளிப்புள்ளியை நடுவிலும் நான்கு மூலைகளிலும் வைத்து, முழுத் திறப்பில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். நான்கு மூலைகளிலும் புள்ளியின் வடிவம் ஒரே மாதிரி இருந்தால் லென்ஸுக்குள் இருக்கும் கண்ணாடிகள் நேராக உட்கார்ந்திருக்கின்றன. முதல் லென்ஸில் ஒரு மூலையில் மட்டும் புள்ளி வால் விட்டது. கடைக்காரர் முகம் சுளிக்கவில்லை. "சார், இது வேணாம், அடுத்த பீஸ் பாருங்க" என்று இன்னொரு பெட்டியைப் பிரித்தார். பக்கத்து விளக்கையும் அணைக்கச் சொன்னார். இந்திய வாரண்டி கனடாவில் செல்லாது என்பதால் இந்தச் சோதனைதான் நமக்கு வாரண்டி.

விலை குறையும் என்று நினைத்து வாங்க வேண்டாம். ஜிஎஸ்டி 18%, ஒன்டாரியோவில் 13% தான். சுற்றுலாப் பயணிகளுக்கு வரியைத் திருப்பித் தரச் சட்டத்தில் இடம் உண்டு, நான் போனபோது அது நடைமுறைக்கு வந்திருக்கவில்லை.

அடுத்தது தூண், அதாவது டிரைபாடுக்கும் டிராக்கருக்கும் நடுவில் வைக்கும் குட்டைத் தூண். டிராக்கரின் அச்சு துருவ நட்சத்திரத்தைப் பார்க்க வேண்டும். வாணியம்பாடியில் அது வெறும் பன்னிரண்டரை பாகை உயரத்தில் நிற்கிறது. அச்சு கிட்டத்தட்டப் படுத்துவிடுவதால், கேமராவுக்குச் சமநிலையாக மறுபுறம் தொங்கும் எதிர்எடை சுற்றி வரும்போது டிரைபாட் காலில் இடிக்கும். டொரொண்டோவில் எனக்கு இந்தத் தொல்லை இருந்ததில்லை. டிராக்கரை ஒரு சாண் உயர்த்தினால் போதும். வாணியம்பாடியில் ஒரு லேத் பட்டறையில் தாளில் வரைந்து காட்டினேன். "தம்பி, மேல மூணு நூல் போல்ட், கீழ அதே ஓட்டை, அவ்ளோதானே?" என்றார் அங்கிருந்த அண்ணன். மூணு நூல் என்றால் 3/8 அங்குலம். டிரைபாட் திருகாணியும் பழைய பிரிட்டிஷ் அளவான விட்வொர்த் திருகாணியும் அந்த அளவில் அங்குலத்துக்கு 16 புரிதான், அவரிடம் இருந்த, புரி வெட்டும் டேப்பே பொருந்தியது. மறுநாள் மாலை தூண் கையில். ஓரங்களைக்கூட அரத்தால் மழுக்கிக் கொடுத்தார், கம்பி வயர் உரசி அறுந்துவிடக் கூடாதாம். இந்த அக்கறையை நான் எந்தக் கடையிலும் விலை கொடுத்து வாங்கியதில்லை.

ஆலங்காயத்துக்கு மேலே அத்தை வீட்டுக் கொல்லையில் வைத்தோம். அதிகாலை மூன்று மணிவாக்கில் ஒமேகா சென்டாரி தன் அதிகபட்ச உயரத்துக்கு வந்தது. இரண்டு நிமிடப் படங்களில் நட்சத்திரங்கள் வட்டமாகவே இருந்தன. எதிர்எடை எங்கும் இடிக்கவில்லை.

திரும்பும்போது பேட்டரிகளைக் கைப்பையில் வையுங்கள், சரக்குப் பெட்டியில் தனி லித்தியம் பேட்டரி கூடாது. 48 மணி நேரத்துக்கு மேல் வெளியே இருந்தவர்களுக்குக் கனடாவில் 800 டாலர் வரை வரி இல்லை, லென்ஸ் அதற்குள் அடங்கியது. ஆனாலும் சொல்லிவிட வேண்டும். பில்லில் வரிசை எண் இருந்ததால் பியர்சன் விமான நிலையத்தில் கேள்வி சீக்கிரம் முடிந்தது.